அத்தியாயம் 7: வீட்டுக் கணினியிலிருந்து வெளியூர் டேப்லெட்டுக்கு

வீட்டுக் கணினியின் ஹார்டு டிஸ்கில் கல்யாண வீடியோ இருக்கும், பிள்ளைகளின் பள்ளி ஆண்டு விழா இருக்கும், தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பேசிய பழைய பதிவு இருக்கும், காசு கொடுத்து வாங்கிய பாடக் காணொளிகளும் படங்களும் இருக்கும். எல்லாம் சேர்ந்து ஒரு டெராபைட்டை எளிதாகத் தாண்டிவிடும். கையோடு எடுத்துப்போகும் டேப்லெட்டில் இருப்பதோ 64 அல்லது 128 ஜிபி இடம்தான். அவ்வளவையும் அதற்குள் அடைக்க முடியாது. வீடியோக்களை வீட்டிலேயே வைத்துவிட்டு, வேண்டியதை வேண்டிய நேரத்தில் இணையம் வழியாக வரவழைத்துப் பார்ப்பதுதான் வழி. சென்னையில் வேலை பார்ப்பவர் மதுரை வீட்டுக் கணினியில் இருக்கும் வீடியோவைப் பார்க்கலாம். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களும் அதே முறையில் பார்க்கலாம்.

இதை 'கிளவுட்' சேவைகளில் ஏற்றி வைக்கலாமே என்று தோன்றும். ஏற்றலாம். ஆனால் ஒரு டெராபைட்டுக்கு மாதாமாதம் வாடகை கட்ட வேண்டும், குடும்ப வீடியோ வேறொருவர் கணினியில் இருக்கும், நிறுவனம் கடையைக் கட்டினால் நம் ஏற்பாடும் அதோடு போகும். 2005-இல் அறிமுகமான ஸ்லிங்பாக்ஸ் என்ற கருவி, வீட்டு டிவியில் ஓடுவதை வெளியூரில் பார்க்க வைத்தது. நிறுவனத்தின் சர்வர்கள் 2022 நவம்பர் 9 அன்று நிறுத்தப்பட்டதும், நன்றாக இருந்த கருவிகள்கூடப் பெரும்பாலும் பயனற்றுப் போயின. வீடியோவும் அதை அனுப்பும் மென்பொருளும் நம் வீட்டிலேயே இருக்கட்டும் என்று இந்த அத்தியாயம் சொல்வதற்கு அதுதான் காரணம்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். இதில் டேப்லெட் பக்கத்து வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்ச வேலை எல்லாம் வீட்டில்தான். வீடியோ தடங்கலில்லாமல் ஓடுமா என்பதை வீட்டு இணையத்தின் அப்லோடு வேகமும், ஃபைல் இருக்கும் விதமும், மின்சாரம் போய்த் திரும்பும்போது கணினி தானாக எழுந்துகொள்வதும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. பூட்டிய வீட்டுக்குள் பட்டனை அழுத்த ஆள் கிடையாது. ஆகவே எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே முடித்துவிட வேண்டும்.

தேவையானவை

வீட்டில் எப்போதும் ஓடக்கூடிய ஒரு கணினி; பழைய லேப்டாப் போதும். ரூட்டரிலிருந்து அந்தக் கணினிக்கு ஒரு லேன் கேபிள். வரம்பில்லாத அல்லது தாராளமான டேட்டாவுள்ள ஃபைபர் இணைப்பு. ஆண்ட்ராய்டு டேப்லெட் அல்லது ஐபேட். மென்பொருள்கள் மூன்று: வீடியோவை மாற்றி அமைக்க ஹேண்ட்பிரேக், வீடியோவை அனுப்ப ஜெல்லிஃபின், வெளியிலிருந்து வீட்டுக்குப் பாதுகாப்பாக வந்து சேர டெயில்ஸ்கேல். முதல் இரண்டும் முழுக்க இலவசம். மூன்றாவதில் தனிநபர் பயன்பாட்டுக்கு இலவசத் திட்டம் உண்டு. விண்டோஸ் கணினியை வைத்து விளக்குகிறேன். லினக்ஸிலும் மேக்கிலும் இதே வரிசைதான்.

முதல் படி: அப்லோடு வேகம்

இணைய இணைப்பு வாங்கும்போது எல்லோரும் கேட்பது டவுன்லோடு வேகத்தை. இங்கே நமக்கு வேண்டியது அதன் மறுபக்கம். வெளியூர் டேப்லெட்டுக்கு வீடியோ வந்து சேர, அது முதலில் வீட்டிலிருந்து வெளியே போக வேண்டும். அதற்கு வீட்டின் அப்லோடு வேகம்தான் எல்லை. சில ஃபைபர் திட்டங்களில் இரு திசையிலும் ஒரே வேகம் கிடைக்கும். சிலவற்றில் அப்லோடு பாதியோ அதற்கும் குறைவோதான். விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பாமல் நீங்களே அளந்து பாருங்கள்.

கணினியை கேபிளில் இணைத்து, ஏதாவது ஒரு வேகச் சோதனைத் தளத்தைத் திறந்து, இரவு எட்டு முதல் பத்து மணிக்குள் அளங்கள். தெருவே இணையத்தில் இருக்கும் நேரம் அது. நீங்கள் வெளியூரில் உட்கார்ந்து படம் பார்க்கப்போவதும் அந்த நேரத்தில்தான். கிடைத்த அப்லோடு எண்ணில் பாதியை மட்டும் உங்கள் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். 20 எம்பிபிஎஸ் வந்தால் 10 என்று கொள்ளுங்கள். மிச்சம் வீட்டில் இருப்பவர்களின் வீடியோ காலுக்கும் இணையத்தின் ஏற்ற இறக்கத்துக்கும்.

அடுத்து, ஒரு வீடியோ எவ்வளவு கேட்கிறது என்று பார்க்க வேண்டும். இதற்கு ஒரே ஒரு கணக்கு போதும்: நொடிக்கு 1 மெகாபிட் வீதம் ஓடும் வீடியோ ஒரு மணி நேரத்தில் 450 எம்பி டேட்டாவை எடுக்கும். அதாவது 2 எம்பிபிஎஸ் என்றால் 900 எம்பி, 4 என்றால் 1.8 ஜிபி. மொபைலில் நாளுக்கு 2 ஜிபி தரும் திட்டம் வைத்திருப்பவர், 2 எம்பிபிஎஸ் வீடியோவை இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் பார்க்கலாம். 8 எம்பிபிஎஸ் வீடியோ என்றால் அரை மணி நேரத்திலேயே அன்றைய டேட்டா தீர்ந்துவிடும்.

நம்மிடம் இருக்கும் ஃபைல்களோ பெரும்பாலும் இதைவிடப் பெரியவை. 4.7 ஜிபி டிவிடியில் இரண்டு மணி நேர வீடியோ இருந்தால் அது ஏறக்குறைய 5 எம்பிபிஎஸ். ஐபோனில் 4கே தரத்தில் நொடிக்கு 30 ஃபிரேம் என்று பதிவு செய்தால், சிக்கனமான எச்.265 முறையிலேயே நிமிடத்துக்கு சுமார் 170 எம்பி ஆகும். கணக்குப் போட்டால் 22 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டுகிறது. புளூரே தட்டில் படத்துக்கு மட்டும் 40 எம்பிபிஎஸ் வரை போகலாம். இவற்றை அப்படியே வெளியூருக்கு அனுப்ப நினைத்தால் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். பத்து அங்குலத் திரையில் 720பி தரம் கண்ணுக்குக் குறைவாகத் தெரிவதில்லை. அதற்கு 2 முதல் 3 எம்பிபிஎஸ் போதும்.

இரண்டாம் படி: வீடியோவைத் தயார்செய்தல்

ஃபைல் எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே டேப்லெட்டால் அதை ஓட்ட முடிந்தால், வீட்டுக் கணினிக்கு வேலையே இல்லை. எடுத்துக் கொடுப்பது மட்டும்தான். இதை 'டைரக்ட் பிளே' என்பார்கள். டேப்லெட்டுக்குப் புரியாத வடிவமாகவோ இணைப்பு தாங்காத அளவாகவோ இருந்தால், ஓடும்போதே கணினி அதைப் பிரித்து, சுருக்கி, வேறு வடிவில் எழுதி அனுப்ப வேண்டும். இது 'டிரான்ஸ்கோடிங்'. விருந்தாளி இலையில் உட்கார்ந்த பிறகு அரிசி களைவது போன்ற வேலை இது. நல்ல அடுப்பு இருந்தால் சமாளிக்கலாம். முன்னாடியே சமைத்து வைப்பதுதான் நிம்மதி.

அதனால் வெளியூரில் அடிக்கடி பார்க்கக்கூடிய வீடியோக்களை ஹேண்ட்பிரேக்கில் ஒருமுறை மாற்றி வைத்துவிடுங்கள். வடிவம் எம்பி4, படத்துக்கு எச்.264, ஒலிக்கு ஏஏசி. எச்.264 என்பது 2003-இல் வந்த தரம். இன்று கடையில் கிடைக்கும் எந்த டேப்லெட்டும் அதை ஓட்டும். 2013-இல் வந்த எச்.265 அதே தரத்தை ஏறக்குறையப் பாதி அளவில் தரும். உங்கள் டேப்லெட் புதியது என்றால் அதையும் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் வீட்டில் நாலு பேர் நாலு விதமான கருவியில் பார்ப்பார்கள் என்றால் எச்.264-இலேயே நில்லுங்கள்.

கல்யாண டிவிடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். தட்டைத் திறந்தால் 'வீடியோ டிஎஸ்' என்ற ஃபோல்டரும், அதற்குள் ஒவ்வொன்றும் 1 ஜிபி வரை உள்ள பல விஓபி ஃபைல்களும் இருக்கும். ஒவ்வொன்றாக எடுக்காதீர்கள், ஃபோல்டரை முழுதாக ஹேண்ட்பிரேக்கில் திறந்தால் முகூர்த்தம், வரவேற்பு என்று தலைப்பு வாரியாகத் தானே சேர்த்துக் காட்டும். ஸ்டுடியோக்காரர் பதிவு செய்து கொடுத்த தட்டில் பெரும்பாலும் பூட்டு எதுவும் இருக்காது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நம் நாட்டில் எடுத்த பழைய வீடியோக்கள் 'பால்' என்ற டிவி ஒளிபரப்பு முறையில் 576 கோடுகளும் நொடிக்கு 25 ஃபிரேமும் கொண்டவை. ஒவ்வொரு ஃபிரேமும் ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு பாதி, இரட்டைப்படைக் கோடுகள் ஒரு பாதி என்று இரண்டு பாதிகளாகப் பதிவாகியிருக்கும். இரண்டுக்கும் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளி. பழைய பெட்டி டிவியில் இது தெரியாது. டேப்லெட்டில் பார்த்தால், மணப்பெண் தலையைத் திருப்பும்போது பட்டுப்புடவையின் ஜரிகை ஓரம் சீப்புப் பற்கள் மாதிரி பிரிந்து தெரியும். ஹேண்ட்பிரேக்கின் 'ஃபில்டர்ஸ்' பக்கத்தில் 'டீஇன்டர்லேஸ்' என்பதில் 'டீகோம்ப்' என்று வைத்தால் இது சரியாகிவிடும். தரத்துக்கான 'ஆர்எஃப்' எண்ணை 20-இல் வையுங்கள். எண் குறையக் குறைய தரம் கூடும், ஃபைலும் பெரிதாகும். 'வெப் ஆப்டிமைஸ்டு' என்ற கட்டத்தையும் டிக் செய்யுங்கள். ஃபைலின் அட்டவணை முன்பக்கத்துக்கு வந்துவிடுவதால் வீடியோ சட்டென்று தொடங்கும். முழுவதையும் ஓட்டும் முன் ஐந்து நிமிடப் பகுதியை மட்டும் மாற்றி, டேப்லெட்டில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

சப்டைட்டில் இருந்தால் எஸ்ஆர்டி என்ற எழுத்து வடிவில் தனி ஃபைலாக வையுங்கள். டிவிடி, புளூரே தட்டுகளில் இருப்பவை படவடிவச் சப்டைட்டில்கள். டேப்லெட்டின் ஆப் அவற்றைக் காட்டத் தெரியாததாக இருந்தால், கணினி அவற்றை வீடியோவின் மேலேயே பதித்து அனுப்ப வேண்டியிருக்கும். டைரக்ட் பிளே ஆக வேண்டிய வீடியோவும் டிரான்ஸ்கோடிங்கில் விழும். தமிழ்ச் சப்டைட்டிலை யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால்தான் எழுத்துகள் உடையாமல் வரும்.

எல்லாவற்றையும் மாற்ற நேரமில்லை என்பவர்கள், கணினியில் இன்டெல் பிராசஸரும் அதனுள்ளேயே கிராஃபிக்ஸும் இருக்கிறதா என்று பாருங்கள். 2011 முதல் இன்டெல் தந்துவரும் 'குவிக் சிங்க்' வசதி டிரான்ஸ்கோடிங்கைத் தனிச் சுற்றுக்கு விட்டுவிடும், கணினி திணறாது. ஏழாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது என்றால் 10 பிட் எச்.265 ஃபைல்களையும் கையாளும். பெயரின் முடிவில் 'எஃப்' என்ற எழுத்துள்ள இன்டெல் பிராசஸர்களில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. ஆகவே இந்த வசதியும் இல்லை.

மூன்றாம் படி: ஜெல்லிஃபின்

இவ்வகை மீடியா சர்வர்களில் பிளெக்ஸ், எம்பி, ஜெல்லிஃபின் மூன்றும் பெயர் பெற்றவை. பிளெக்ஸில் தன் வீடியோவையே வெளியிலிருந்து பார்க்க 2025 ஏப்ரல் முதல் கட்டணத் திட்டம் வேண்டும். எம்பி தன் மூல நிரலை மூடியபோது, 2018 டிசம்பரில் தன்னார்வலர்கள் அதிலிருந்து பிரித்து வளர்த்தது ஜெல்லிஃபின். கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை, உள்ளே நுழைய எந்த நிறுவனத்தின் கணக்கும் வேண்டாம். குடும்ப வீடியோவுக்கு இதைத்தான் பரிந்துரைக்கிறேன்.

விண்டோஸில் நிறுவும்போது சாதாரண முறையா, 'சர்வீஸ்' முறையா என்று கேட்கும். சாதாரண முறையில் யாராவது விண்டோஸுக்குள் லாகின் செய்தால்தான் ஜெல்லிஃபின் ஓடத் தொடங்கும். ஆளில்லாத வீட்டுக்கு சர்வீஸ் முறைதான் சரி; வீடியோ ஃபோல்டரைப் படிக்கும் அனுமதியை மட்டும் அந்த சர்வீஸுக்குக் கொடுத்துவிட வேண்டும். நிறுவியதும் அதே கணினியின் பிரவுசரில் 8096 என்ற போர்ட்டில் அதன் பக்கம் திறக்கும். நிர்வாகிக் கணக்கு ஒன்றை நல்ல பாஸ்வேர்டுடன் உருவாக்குங்கள்.

அடுத்து நூலகங்களைச் சேர்க்க வேண்டும். குடும்ப வீடியோக்களுக்கு 'ஹோம் வீடியோஸ்' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். 'மூவீஸ்' என்று கொடுத்தால், உங்கள் தங்கை கல்யாணத்தை ஏதோ ஒரு படம் என்று நினைத்துப் போஸ்டர் தேடிக்கொண்டிருக்கும். படங்களுக்கு மூவீஸ் வகையைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் தனி ஃபோல்டரில் பெயரும் அடைப்புக்குறிக்குள் ஆண்டுமாக, 'திருவிளையாடல் (1965)' என்பது போல வையுங்கள். ஒரே பெயரில் வந்த பல படங்கள் குழம்பாமலிருக்க அந்த ஆண்டுதான் உதவும்.

பார்ப்பதற்கென்று ஆளுக்கொரு தனிக் கணக்கை, நிர்வாக உரிமை இல்லாமல், உருவாக்குங்கள். டேப்லெட் தொலைந்தாலும் சர்வரின் சாவி போகாது. அவரவர் விட்ட இடத்திலிருந்து தொடரவும் முடியும். 'நெட்வொர்க்கிங்' பகுதியில் வெளித் தொடர்புகளுக்கு அனுமதி என்ற கட்டம் டிக் ஆகியிருக்கட்டும். 'பிளேபேக்' பகுதியில் ஸ்ட்ரீமிங் என்ற பக்கத்தில், வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கான வேக வரம்பை, நீங்கள் அளந்து பாதியாக்கி வைத்த எண்ணுக்குள் கொடுங்கள். குவிக் சிங்க் இருந்தால் 'டிரான்ஸ்கோடிங்' பக்கத்தில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இப்போது டேப்லெட்டில் ஜெல்லிஃபின் ஆப்பை நிறுவி, வீட்டு வைஃபையிலேயே ஒரு வீடியோவை ஓட்டிப் பாருங்கள். வீட்டுக்குள் ஓடாதது வெளியூரில் ஓடாது.

நான்காம் படி: வெளியிலிருந்து உள்ளே வரும் வழி

பழைய வழிகாட்டிகள் ரூட்டரில் வெளியிலிருந்து வருபவருக்குக் கதவு திறந்துவிடும் 'போர்ட் ஃபார்வர்டிங்' செய்யச் சொல்லும். இன்று இரண்டு காரணங்களால் அதை விட்டுவிட வேண்டும். முதலாவது, பல வீடுகளில் அது வேலையே செய்யாது. ஐபிவி4 முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடிதான். அவை போதாததால், நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகின்றன. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'வேன் ஐபி' என்ற எண் 10-இல் தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினாலோ உங்கள் வீடும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. வெளியிலிருந்து வருபவருக்கு அங்கே கதவு எண் கிடையாது. இரண்டாவது காரணம் பாதுகாப்பு. போர்ட்டைத் திறந்து வைத்தால் நமக்கு மட்டும் அது திறக்காது; திறந்த போர்ட்டுகளைத் தேடி இணையம் முழுவதும் நிரல்கள் இரவு பகலாக அலைகின்றன. 8096 போர்ட்டில் சாதாரண எச்டிடிபி முறையில் வந்தால் பாஸ்வேர்டும் மறைப்பின்றியே பயணிக்கும்.

டெயில்ஸ்கேல் இந்த இரண்டையும் ஒருசேரத் தீர்க்கிறது. கணினியும் டேப்லெட்டும் தாங்களாகவே வெளியே போய் ஒரு ஒருங்கிணைப்பு சர்வரில் பதிவு செய்துகொள்கின்றன. பிறகு ஒன்றையொன்று கண்டுபிடித்து, வயர்கார்டு என்ற மறைகுறியாக்க முறையில் நேரடியாகப் பேசுகின்றன. வயர்கார்டு 2020-இல் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்க்கப்பட்ட, நன்கு ஆராயப்பட்ட நெறிமுறை. ரூட்டரில் எதையும் திறக்க வேண்டியதில்லை.

செய்முறை இதுதான். கணினியில் டெயில்ஸ்கேலை நிறுவி, கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் அல்லது ஆப்பிள் கணக்கால் உள்நுழையுங்கள். டேப்லெட்டிலும் நிறுவி அதே கணக்கால் உள்நுழைந்து, விபிஎன் அனுமதி கேட்டால் கொடுங்கள். இரண்டு கருவிகளும் ஒரே பட்டியலில் தெரியும். ஒவ்வொன்றுக்கும் 100 என்று தொடங்கும் ஒரு முகவரி இருக்கும். ஜெல்லிஃபின் ஆப்பில் சர்வர் முகவரியாகக் கணினியின் அந்த எண்ணைக் கொடுத்து, முக்காற்புள்ளி போட்டு 8096 என்று சேர்த்தால் முடிந்தது. டெயில்ஸ்கேலுக்கு உள்நுழையும் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம் இருக்கட்டும். வீட்டுக்கு வரும் வழியின் காவல் இப்போது அந்தக் கணக்கிடம்தான் இருக்கிறது.

பலரும் தவறவிடும் இரண்டு அமைப்புகளை மறக்காமல் செய்யுங்கள். விண்டோஸில் டெயில்ஸ்கேலின் மெனுவில் 'ரன் அன்அட்டெண்டட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்; யாரும் லாகின் செய்யாவிட்டாலும் இணைப்பு நிற்கும். அடுத்து, டெயில்ஸ்கேலின் நிர்வாகப் பக்கத்தில் வீட்டுக் கணினியின் பெயருக்கு எதிரே 'டிஸேபிள் கீ எக்ஸ்பைரி' கொடுங்கள். கொடுக்காவிட்டால் வழக்கமான அமைப்பில் 180 நாளில் அந்தக் கணினியின் அனுமதி காலாவதியாகி, மறுபடி உள்நுழையச் சொல்லும். ஆறு மாத வேலைக்கு வெளிநாடு போனவருக்கு அது எவ்வளவு சங்கடம் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: ஆளில்லாத வீட்டில் கணினி

விண்டோஸின் மின்சார அமைப்பில் 'ஸ்லீப்' என்பதை 'நெவர்' ஆக்குங்கள். திரை அணைவதில் தவறில்லை. பயாஸ் அமைப்புக்குள் போய், மின்சாரம் திரும்பியதும் கணினி தானாக எழ வேண்டும் என்ற தேர்வை இயக்குங்கள். பெரும்பாலும் 'ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' போன்ற பெயரில் இருக்கும். லேப்டாப் என்றால் மூடியை மூடினாலும் தூங்காதபடி வைக்க வேண்டும். இரவு பகலாக சார்ஜில் கிடக்கும் பேட்டரி நாளடைவில் உப்பக்கூடும். தயாரிப்பாளரின் மென்பொருளில் சார்ஜ் வரம்பை 60 அல்லது 80 சதவீதமாக வைத்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஃபைபர் மோடத்துக்கும் ரூட்டருக்கும் சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் ஒன்று வாங்கிப் போட்டால் சிறு மின்தடைகள் தெரியாது.

மின்கட்டணத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சும்மா இருக்கும்போது 60 வாட் எடுக்கும் டெஸ்க்டாப், இரண்டு மாதத்தில் சுமார் 86 யூனிட் ஆகும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டுகளில் கணிசமான பகுதியை அது ஒன்றே தின்றுவிடும். 15 வாட் எடுக்கும் லேப்டாப்புக்கு அதே காலத்தில் 22 யூனிட்தான். பழைய லேப்டாப்பைப் பரிந்துரைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். படுக்கப்போகும் முன் எல்லா சுவிட்சையும் அணைப்பது நம் வீடுகளின் நல்ல பழக்கம். இடி மின்னல் என்றால் பிளக்கையே பிடுங்கிவிடுவார்கள், அதுவும் நியாயம்தான். கணினி, மோடம், ரூட்டர் மூன்றின் சுவிட்சுகளிலும் 'அணைக்க வேண்டாம்' என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். இடி நின்றதும் எதை முதலில் போட வேண்டும், மோடத்தில் எந்த விளக்கு என்ன நிறத்தில் எரிய வேண்டும் என்று ஒருமுறை நேரில் காட்டி, செல்போனில் படமும் எடுத்துக் கொடுங்கள்.

ஆறாம் படி: ஒத்திகை

இதைச் செய்யாமல் கிளம்பாதீர்கள். டேப்லெட்டில் வீட்டு வைஃபையை அணைத்து, செல்போனின் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். இப்போது நீங்கள் வீட்டில் இருந்தாலும் இணையத்தின் கணக்கில் வெளியூர்க்காரர். டெயில்ஸ்கேலை இயக்கி, ஜெல்லிஃபினில் ஒரு வீடியோவை அரை மணி நேரம் ஓட விடுங்கள். ஓடும்போது கணினியில் ஜெல்லிஃபினின் டாஷ்போர்டைத் திறந்தால், யார் எதைப் பார்க்கிறார்கள் என்பதோடு, டைரக்ட் பிளேயா டிரான்ஸ்கோடிங்கா, டிரான்ஸ்கோடிங் என்றால் எதனால் என்பதும் தெரியும். 'ஒலி வடிவம் ஒத்துவரவில்லை' என்று வந்தால் அந்த ஃபைலின் ஒலியை மட்டும் ஏஏசியாக மாற்றினால் போதும்.

பிறகு கணினியை ரீஸ்டார்ட் செய்து, லாகின் செய்யாமல் விட்டுவிட்டு, டேப்லெட்டில் வீடியோ வருகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் அப்டேட் நள்ளிரவில் ரீஸ்டார்ட் செய்தாலும் தாங்குமா என்பதற்கு இது சோதனை. கடைசியாக, கணினியை முறைப்படி ஷட்டவுன் செய்து, சுவர் சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். டெஸ்க்டாப் தானாக எழாவிட்டால் பயாஸ் தேர்வை மறுபடி பாருங்கள். அந்த மெனுவில் 'பவர் ஆன்', 'லாஸ்ட் ஸ்டேட்' என்று இருவகை இருந்தால் முதலாவதுதான் நமக்கு வேண்டியது. எல்லாவற்றிலும் தேறிய பிறகுதான் உங்கள் வீடு நீங்கள் கிளம்பத் தயாராக இருக்கிறது.

பயணத்தில்

ஹோட்டல் வைஃபையில் முதலில் டெயில்ஸ்கேலை நிறுத்தி வையுங்கள். அறை எண்ணோ செல் எண்ணோ கேட்கும் நுழைவுப் பக்கம் வரட்டும். அதை முடித்த பிறகு இயக்குங்கள். ஆண்ட்ராய்டிலும் ஐபேடிலும் ஒரே நேரத்தில் ஒரு விபிஎன்தான் ஓடும் என்பதால், அலுவலக விபிஎன் இருந்தால் அதை அணைக்க வேண்டும். சில நாடுகளில் விபிஎன் பயன்பாட்டுக்குச் சட்டக் கட்டுப்பாடுகள் உண்டு; போகும் நாட்டின் விதியை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயில் பயணத்துக்கு ஸ்ட்ரீமிங்கை நம்பாதீர்கள். ஊரைத் தாண்டியதும் சிக்னல் குறையும், கோபுரம் மாறும்போது அறுபடும். ரயிலில் பார்க்க வேண்டியதை முதல் நாள் இரவே வீட்டு வைஃபையில் டேப்லெட்டுக்கு இறக்கிவிடுங்கள். ஜெல்லிஃபினில் டவுன்லோடு செய்தால் மூல ஃபைல்தான் முழுதாக இறங்கும். ஹேண்ட்பிரேக்கில் முன்பே சுருக்கி வைத்தவர்களுக்கு அங்கேயும் அது பலன் தரும்.

கோளாறு வந்தால் பார்க்க வேண்டிய வரிசை

டேப்லெட்டில் டெயில்ஸ்கேல் ஆப்பைத் திறந்து பட்டியலைப் பாருங்கள். வீட்டுக் கணினி இணைப்பில் இல்லை என்று காட்டினால், கோளாறு மின்சாரத்திலோ இணையத்திலோதான். வீட்டுக்குப் பேசுங்கள்.

"அப்பா, கரன்ட் இருக்குல்ல? அந்த வெள்ளை டப்பாவுல எல்ஓஎஸ்-னு போட்டிருக்கிற லைட்டைப் பாருங்கப்பா. சிவப்பா மினுக்குதா?"

"ஆமாம்பா, சிவப்பாத்தான் விட்டு விட்டு எரியுது."

எல்ஓஎஸ் சிவப்பில் மினுக்கினால் ஃபைபரில் ஒளியே வரவில்லை என்று பொருள். கம்பி எங்கோ அறுந்திருக்கிறது அல்லது பிளக் கழன்றிருக்கிறது. ரூட்டரை அணைத்துப் போடுவதால் பயனில்லை. இணைய நிறுவனத்தில் புகார் பதிய வேண்டும். அந்த விளக்கு எரியாமல், 'பான்' விளக்கு நிலையாகப் பச்சையாக இருந்தால் ஃபைபர் நன்றாக இருக்கிறது. ரூட்டரையும் கணினியையும் ஒருமுறை அணைத்துப் போடச் சொல்லுங்கள்.

கணினி இணைப்பில் இருக்கிறது, ஜெல்லிஃபின் மட்டும் திறக்கவில்லை என்றால் அந்த சர்வீஸ் நின்றிருக்கும். இதற்காகத் தொலைவிலிருந்து கணினியை இயக்கும் வசதி ஒன்றை முன்பே ஏற்படுத்தி வைக்க வேண்டும். விண்டோஸ் புரோ பதிப்பு என்றால் அதிலேயே உள்ள 'ரிமோட் டெஸ்க்டாப்' போதும். டெயில்ஸ்கேல் முகவரி வழியாக மட்டும் பயன்படுத்துங்கள், ரூட்டரில் அதற்குக் கதவு திறக்காதீர்கள்.

வீடியோ தொடங்குகிறது, ஆனால் நின்று நின்று ஓடுகிறது என்றால், பிளேயரின் பல்சக்கரக் குறியைத் தொட்டுத் தரத்தை ஒரு படி இறக்குங்கள். அப்போதும் திணறினால், இரண்டு கருவிகளும் நேரடியாகப் பேசாமல் இடைநிலை சர்வர் வழியாகப் பேசிக்கொண்டிருக்கலாம். சில அலுவலக, ஹோட்டல் வலைப்பின்னல்களின் கட்டுப்பாட்டால் இப்படி ஆகும். அந்த சர்வரால் உங்கள் வீடியோவைப் படிக்க முடியாது, ஆனால் வேகம் குறையும். செல்போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறிப் பார்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஒலி வந்து படம் வராவிட்டால் அது ஃபைலின் வடிவக் கோளாறு. வேறு வீடியோ ஓடினால் உறுதி.

கிளம்பும் முன் சரிபார்க்க

1. இரவு நேர அப்லோடு வேகத்தை அளந்து, அதில் பாதிக்குள் ஜெல்லிஃபினின் வரம்பு வைத்தாயிற்றா?
2. அடிக்கடி பார்ப்பவை எச்.264, ஏஏசி, எம்பி4 வடிவில் இருக்கின்றனவா?
3. பார்ப்பவர்களுக்கு நிர்வாக உரிமையில்லாத தனிக் கணக்கு உண்டா?
4. டெயில்ஸ்கேலில் அன்அட்டெண்டட் இயக்கமும், கீ காலாவதி நிறுத்தமும் செய்தாயிற்றா? கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருக்கிறதா?
5. ஹாட்ஸ்பாட், ரீஸ்டார்ட், மின்தடை மூன்று ஒத்திகையும் தேறியதா?
6. வீட்டில் இருப்பவருக்கு விளக்குகளைக் காட்டிக் கொடுத்தாயிற்றா?
7. எல்லா வீடியோக்களுக்கும் வேறொரு டிஸ்கில் நகல் இருக்கிறதா?

கடைசிக் கேள்வியைத் தள்ளிப்போடாதீர்கள். எங்கிருந்தும் பார்க்க முடிகிறது என்பதால் வீடியோ பத்திரமாக இருக்கிறது என்று எண்ணத் தோன்றும். உண்மையில் எல்லாம் ஒரே ஹார்டு டிஸ்கில்தான் இருக்கிறது. அது இரவு பகலாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது, ஒருநாள் நிற்கும். வாங்கிய படம் போனால் மறுபடி வாங்கலாம். தாத்தாவின் குரலை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஹேண்ட்பிரேக்கில் மாற்றிய பிறகும் மூல ஃபைலை அழிக்காமல், இரண்டையும் ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து, அண்ணன் வீட்டிலோ அக்கா வீட்டிலோ கொடுத்து வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போகும்போது, அந்த டிஸ்கைக் கணினியில் செருகி நாலு ஃபைலை ஓட்டிப் பார்த்து, புதிதாகச் சேர்ந்தவற்றையும் அதில் ஏற்றுங்கள்.